நிற்கிறவர்கள் இல்லாத பேருந்து

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் மையத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சுட்டாங்க" என்று டீ கோப்பையோடு நழுவிவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பாதியில் நழுவினாலும் அது என் கண்ணில் படாது.

எங்கள் மையம் என்றால் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு, பயிற்சி மையம். பெயர்தான் நீளம். மூன்று அறைகள், ஒரு வகுப்பு, ஒழுகும் ஏ.சி. ஒன்று, அதற்குக் கீழே ஒரு வாளி. தரைத்தளத்து மூலை அறையில் ஒரு பேருந்து நிற்கிறது. முழுப் பேருந்து இல்லை. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அறுத்தெடுத்துவிட்டு முகத்தை மட்டும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். முன்கண்ணாடிக்குப் பதிலாக மூன்று திரைகள். உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினால் திரையில் ஒரு ஊர் திரும்பும். சிமுலேட்டர் என்பார்கள். அதை ஓடவிடுவது, நிறுத்துவது, தூசி தட்டுவது, அது கக்கும் மதிப்பெண் தாளை அச்செடுத்துக் கோப்பில் வைப்பது, இதெல்லாம் என் வேலை. இருக்கைக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் சுவரும் அந்த வாளியும்தான் தெரியும்.

நான் சொல்ல வந்தது தொட்டில் மாஸ்டரைப் பற்றி. புதிதாக வேலைக்கு வரும் பேருந்து ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். இங்கே வருவதற்கு முன்னால் இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். தொட்டில் என்பது பணிமனையில் அவருக்கு வைத்த பட்டப்பெயர். அவர் வண்டியில் இடம் கிடைத்து உட்கார்ந்தவர்கள் அப்படியே தூங்கிப்போய், இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவார்களாம். புகார்ப் புத்தகத்தில் அவர் பெயரில் இருப்பதெல்லாம் அந்த ஒரே புகார்தான். ஒருவர் மட்டும் மூன்று முறை எழுதியிருக்கிறார், மூன்று முறையும் கடைசி நிறுத்தத்திலிருந்து.

அந்தப் பதம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு நாய் குறுக்கே ஓடியிருக்கிறது. பிரேக்கை ஒரே மிதியாக மிதித்திருக்கிறார். நாய் பிழைத்தது. உள்ளே கம்பியை விட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். விசாரணையில் மாஸ்டர் மேல் தப்பே இல்லை என்று எழுதினார்கள். சரியான நேரத்தில் பிரேக் பிடித்தார் என்று ஒரு வரி பாராட்டு வேறு. பெரியவர் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை. மாஸ்டர் வாராவாரம் போய்ப் பார்த்திருக்கிறார். "ஒரு நாளாவது திட்டியிருந்தா பரவால்ல தங்கச்சி. வந்தியாப்பா, உக்காருன்னு சொல்வாரு" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். 

அதிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம். கால் பிரேக்குக்குப் போகுமுன் கண் மேலே போகும். தலைக்கு மேலே உள்பக்கம் பார்க்கும் கண்ணாடி இருக்குமே, அதற்கு. எத்தனை பேர் நிற்கிறார்கள், யார் கம்பியைப் பிடிக்கவில்லை, யார் கையில் குழந்தை இருக்கிறது என்று ஒரு நொடி பார்ப்பார். பார்த்த பிறகுதான் கால் இறங்கும். அதுவும் மெல்ல. சிக்னல் மஞ்சளுக்கு மாறுவதற்கு முன்பே, நடைபாதையில் காத்திருப்பவர்களின் கால்களைப் பார்த்தே வேகத்தைக் குறைத்துவிடுவார். இருபத்தாறு வருடத்தில் இன்னொரு ஆள் அவர் வண்டியில் விழவில்லை. கடைசியில் போனது அவருடைய முழங்கால்தான், கிளட்சை மிதித்து மிதித்து.

முழங்காலுக்கு ஆபரேஷன் ஆகி ஏழு மாதம் வீட்டில் இருந்தார். அவர் மனைவி வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்திருப்பவர், கலகலப்பானவர். அந்த ஏழு மாதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவருக்குக் குரல் இறங்கிவிடும். "பேச்சே நின்னுபோச்சு. சோத்தப் போட்டா சாப்பிடுவார். போடலன்னா கேக்க மாட்டார். ஜன்னல்ல பஸ் போனா மட்டும் நிமிர்ந்து பாப்பார்." எங்கள் மையத்தில் பயிற்றுநர் வேலை கிடைத்த பிறகுதான் மனிதருக்கு மறுபடி உயிர் வந்தது. நான்கு வருடமாக நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பயிற்றுநர்கள் எல்லோரும் சிமுலேட்டரில் எழுபது மதிப்பெண் எடுக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் எடுக்காதவர்களின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. படித்துவிட்டு மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதுவரை நிஜப் பேருந்தில்தான் சொல்லிக்கொடுத்தார், சிமுலேட்டரில் உட்கார்ந்ததே இல்லை. முதல் முறை உட்கார்ந்ததும் மேலே பார்த்தார். அங்கே கண்ணாடி இல்லை. அதை மாட்டும் கொக்கி மட்டும் இருந்தது.

"உள்ள பாக்குற கண்ணாடி எங்க தங்கச்சி?"

"அது வரல மாஸ்டர். பின்னாலதான் ஒண்ணும் இல்லயே."

"சரிதான்" என்று சொல்லிவிட்டு ஓட்ட ஆரம்பித்தார். முதல் நிறுத்தத்தில் திரையில் ஐந்து பொம்மை மனிதர்கள் நின்றார்கள். கதவைத் திறந்தார். பொம்மைகள் மறைந்தன. அவர் அப்படியே இருந்தார்.

"ஏறினவங்க எங்க?"

"மறைஞ்சிருவாங்க மாஸ்டர். ஏறிட்டாங்கன்னு அர்த்தம்."

"புடிச்சுட்டாங்களான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. நீங்க எடுங்க."

எடுத்தார். ஆனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூடியபின் ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அந்தக் கொக்கியைப் பார்த்தார். நாற்பது நிமிடம் முடிந்து இறங்கி வந்தபோது திருப்தியாகத்தான் இருந்தார். நான் அச்செடுத்த தாளைப் பார்த்துவிட்டு இன்னொரு முறை அச்செடுத்தேன், இயந்திரம் தப்பாக அடித்துவிட்டதோ என்று. இரண்டிலும் முப்பத்தெட்டுதான்.

கீழே காரணங்கள் இருந்தன. பார்வை சாலையை விட்டு விலகியது, அறுபத்தொரு முறை. நிறுத்தத்திலிருந்து புறப்படத் தாமதம், பதினான்கு முறை. பன்னிரண்டு ஆபத்துகளில் பத்துக்கு எதிர்வினை இல்லை.

"எதிர்வினை இல்லன்னா?" என்று கேட்டார்.

"ஆபத்து வந்தப்ப நீங்க ஒண்ணும் செய்யலயாம்."

"நான் எதையாவது இடிச்சேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

நான் தாளைக் கோப்பில் வைத்தேன். இரண்டாம் முறை வேகமாக ஓட்டிப் பார்த்தார். நாற்பத்து நான்கு. இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முழங்கால் வலிக்கிறது என்றார். வலித்தது முழங்கால் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மறுநாள் அவர் மறந்து வைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க அவர் மனைவி மையத்துக்கு வந்தார். மாஸ்டர் வகுப்பில் இருந்தார். அந்த அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நாற்காலியப் போட்டு உக்காந்து சமையக்கட்டுத் தரைய மிதிச்சுட்டு இருக்கார்மா. என்னங்கன்னா, ரியாக்‌ஷன் டைம்ங்கறார். இருவத்தாறு வருஷம் ஓட்டின மனுஷன் தரைய மிதிக்கிறார். எனக்குச் சிரிப்பு வருது, சிரிக்கவும் பயமா இருக்கு." மாத்திரையை என் கையில் வைத்துவிட்டு, "மறுபடி அந்த ஜன்னல் பக்கம் உக்கார வெச்சிராதீங்க" என்றார். என்னமோ நான்தான் உட்காரவைக்கிறவள் மாதிரி. ஆனால் அந்த வார்த்தை சாயந்தரம்வரை என்னைச் சும்மா இருக்கவிடவில்லை.

மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது யாருக்கும் சொல்லக் கூடாத விஷயம். தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்தால் ஆய்வு கெட்டுவிடுமாம். ஆனால் கணினி என் கையில் இருக்கிறது. திறந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தில் கணினிச் சுட்டியை மேஜையில் ஓங்கி அடித்தேன். உடைந்த சுட்டியின் விலை என் பெயரில் எழுதப்பட்டது, வேறு சுட்டிக்கு இன்னும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது.

விஷயம் இதுதான். திரையில் ஒரு சந்து வரும். அதிலிருந்து பந்து உருண்டு வரும். பின்னாலேயே குழந்தை ஓடிவரும். குழந்தை தெரிந்து ஒரு நொடிக்குள் பிரேக் பாதி ஆழத்துக்கு மேல் அழுந்தினால் "ஓட்டுநர் கவனித்தார்" என்று முழு மதிப்பெண். மாஸ்டர் என்ன செய்கிறார்? சந்தைப் பார்த்ததுமே காலை எடுத்துவிடுகிறார். பந்தைப் பார்க்கும்போது வண்டி ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்துவிடுகிறது. குழந்தை ஓடிவரும்போது சும்மா பாதத்தை வைத்தாலே நின்றுவிடுகிறது. பாதி ஆழத்துக்கு அவர் போகவே தேவையில்லை. ஆகவே அவர் கவனிக்கவில்லை. பூஜ்யம்.

எல்லோருக்கும் முந்திக் கவனித்தவரைக் கவனிக்காதவர் என்று எழுதி, அதற்குக் கீழே நான் முத்திரை குத்தியிருக்கிறேன்.

அந்தக் கணக்கை எழுதியது எங்கள் ஆராய்ச்சி மாணவி. ஐந்தாவது வருடமாக முனைவர் பட்டத்துக்கு மாரடிக்கிறாள். மாஸ்டர் அவளை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவள் ஒவ்வொரு முறையும் "இன்னும் இல்ல மாஸ்டர்" என்பாள். நல்ல பெண். அவளிடம் போய்ச் சொன்னேன். திரையில் மாஸ்டரின் ஓட்டத்தை மறுபடி போட்டுக் காட்டினேன். பந்து, குழந்தை, நின்ற பேருந்து. பார்த்தாள். 

"இது காருக்கு எழுதின கணக்கு அக்கா" என்றாள் மெதுவாக. "பழைய ஆய்வுல இருந்து எடுத்தேன். கார்ல யாரும் நிக்க மாட்டாங்கல்ல."

"அப்போ மாத்து."

"எம்பத்தாறு டிரைவருக்கு இதே கணக்குல அளந்தாச்சு. இப்ப மாத்தினா எம்பத்தாறும் குப்பைக்கா. மறுபடி எல்லாரையும் கூப்பிடணும். ரெண்டு வருஷம். எனக்கு அவகாசமே இன்னும் அஞ்சு மாசம்தான்." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகிறவளோடு எப்படிச் சண்டை போடுவது? வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பேராசிரியரிடம் போனேன். அவர் எதையும் முழுதாகக் கேட்பார். அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார், நமக்கும் நம்பிக்கை வந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சுவாரசியமான விஷயம்மா. எழுதிக் குடுங்க, அடுத்த ஆய்வுல சேத்துக்கலாம்" என்றார்.

"அடுத்த ஆய்வுக்குள்ள மாஸ்டர் வீட்டுக்குப் போயிருவார் சார்."

"ஒருத்தருக்காக அளவுகோல மாத்தினா அது அளவுகோலே இல்லம்மா. மத்த எம்பத்தாறு பேரும் இதுலதான வந்திருக்காங்க? அவங்க யாரும் குறை சொல்லலயே."

"அவங்கள்ல எத்தன பேர் வண்டியில ஆள் விழுந்ததுன்னு பாத்தீங்களா சார்?"

"அது நம்ம ஆய்வுக் கேள்வி இல்லயே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குப் புரியவைக்கும் அக்கறையோடு சொன்னார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூன்றாவது முறைக்கு முந்தின நாள் மத்தியானம் நான் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாதுதான். சொன்னேன். இதைப் படித்து யாராவது என் மேல் நடவடிக்கை எடுப்பதென்றால் தாராளமாக எடுக்கட்டும். வாளிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். பாதி ஆழம், ஒரு நொடி, மேலே பார்க்காமல் இருப்பது, கதவு மூடியதும் எடுப்பது.

"அதாவது முன்னாடியே காலை எடுக்கக் கூடாது."

"ஆமா."

"குழந்தை வர்ற வரைக்கும் அதே வேகத்துல போகணும். வந்ததும் ஒரே மிதி."

"ஆமா மாஸ்டர்."

"பின்னால யாரும் இல்லன்னு நெனச்சுக்கணும். அவ்வளவுதான?"

 அவர் எழுந்து வாளி நிறைந்துவிட்டதைப் பார்த்து அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தார். அது அவர் வேலையே இல்லை.

மறுநாள் பேராசிரியரும் மாணவியும் பார்க்க வந்தார்கள். மாஸ்டர் உட்கார்ந்தார், பெல்ட்டை மாட்டினார், ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. நிறுத்தங்களில் கதவை மூடிய கையோடு பறந்தார். சந்து வந்தது. அவர் கால் ஆக்சிலரேட்டரிலேயே இருந்தது. பந்து வந்தது. அப்போதும் இருந்தது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். குழந்தை வந்தது. ஒரே மிதி. அறுத்துவைத்த அந்தப் பேருந்து முகமே ஒரு ஆட்டம் ஆடியது. பன்னிரண்டு முறையும் அப்படித்தான். கடைசி மிதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன். இயந்திரம் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

தொண்ணூற்றொன்று. எண்பத்தேழு பேரில் அதுதான் அதிகம்.

மாணவி கை தட்டினாள். பேராசிரியர் மாஸ்டரின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "முப்பத்தெட்டு, நாப்பத்து நாலு, தொண்ணூத்தொண்ணு. மூணே தடவையில. சிமுலேட்டர் எப்படிக் கத்துக்குடுக்குதுன்னு காட்ட இதவிட நல்ல வரைபடம் கிடைக்குமா?" என்றார். அந்த வரைபடம் இப்போது மையத்து வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. கோடு எழும்பி எழும்பிப் போகிறது. தினம் காலையில் அதைக் கடந்துதான் உள்ளே வருகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அவர் மனைவி எனக்கு ஒரு ரவிக்கை தைத்து அனுப்பினார், அளவு எடுக்காமலே கச்சிதமாக இருந்தது. "நீங்க நல்லா இருக்கணும்" என்று போனில் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது.  மாஸ்டர் வழக்கம்போல வந்தார், போனார், டாக்டரம்மாவைக் கிண்டல் செய்தார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒரு ஆள் வயிற்றுக்காகவும் மானத்துக்காகவும் ஒருநாள் தப்பாக ஓட்டினார், வெறும் திரையில்தானே என்று விட்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த சுற்றறிக்கை வந்தது. இனிமேல் புதிய ஓட்டுநர்களும் இதே இயந்திரத்தில் எழுபது எடுத்தால்தான் அவர்கள் கையில் பேருந்தைக் கொடுப்பார்கள். பயிற்சி கொடுக்கப் பேராசிரியர் மாஸ்டரைத்தான் தேர்ந்தெடுத்தார். தொண்ணூற்றொன்று எடுத்தவர் ஆயிற்றே.

போன திங்கட்கிழமை முதல் வகுப்பு. பன்னிரண்டு பேர் நோட்டும் பேனாவுமாகச் சிமுலேட்டரைச் சுற்றி நின்றார்கள். ஆறு பெண்கள், ஆறு ஆண்கள், எல்லோர் முகத்திலும் வேலை கிடைக்க வேண்டுமே என்ற பயம். மாஸ்டர் முதலில் வழக்கமான பாடத்தைத்தான் ஆரம்பித்தார். நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டும், கண்ணாடி, கம்பி, கைக்குழந்தை. நின்றிருந்த ஒரு பெண் மரியாதையாகக் கையைத் தூக்கினாள்.

"மாஸ்டர், வாசல்ல பாத்தோம். நீங்க எப்படித் தொண்ணூத்தொண்ணு எடுத்தீங்க? அத மொதல்ல சொல்லிக்குடுங்க."

மற்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.  சொல்லாமல் விட்டால் இந்தப் பன்னிரண்டு பேரும் முப்பத்தெட்டு எடுத்து வீட்டுக்குப் போவார்கள். மாஸ்டர் அதை யோசிப்பது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"பின்னால யாரும் இல்லன்னு நெனச்சுக்கங்க" என்றார்.

பன்னிரண்டு பேரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.

"இது இந்த ரூமுக்குள்ள மட்டும்தான்" என்றார் அவசரமாக. "ரோட்டுக்குப் போனா இப்படி ஓட்டக் கூடாது. அங்க நிக்கிறவங்களப் பாத்துதான் காலை வைக்கணும். அத நான் தனியாச் சொல்லித் தரேன்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "அதுக்கு எத்தன மார்க் மாஸ்டர்?"

"அதுக்கு மார்க் கிடையாது."

"சரி மாஸ்டர்" என்று பேனாவை மூடினாள். மற்றவர்களும் மூடினார்கள். யாரிடமும் திமிர் இல்லை, அலட்சியம் இல்லை. தேர்வுக்கு வராததை எழுதி என்ன செய்வார்கள்?

மாஸ்டர் ஓட்டிக் காட்டுவதற்காக இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். ஓடவிடு என்று என் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்றேனே, அத்தனை கோபத்தையும் வைத்துக்கொண்டு நான் பொத்தானை அழுத்தினேன்.